பிள்ளை தட்டைத் தள்ளிவைக்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் 11 வருடமாக டயட்டீஷியனாக இருக்கிறேன். பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது மாதிரி வயசுப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பிரச்சினை பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்வி குவிந்துவிட்டது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மேடம், பிளஸ் ஒன் படிக்கிற மகள். சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். கேட்டால் சண்டை. (தண்டையார்பேட்டை அம்மா)

வாந்திச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்றுதான் குழாய் என்பதை நீங்களே யூகித்திருப்பீர்கள். கதவைத் தட்டிக் கையும் களவுமாகப் பிடிக்காதீர்கள். வேறொரு நேரத்தில், எடைப் பேச்சே எடுக்காமல், மனசுக்கு என்ன கஷ்டம் என்று கேளுங்கள். ஆனால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகும், அதுவும் பார்க்க நன்றாக இருக்கிற பிள்ளைக்கே.

இதெல்லாம் அடையாறு, அண்ணா நகர் ஆட்களுக்கு வருகிற வியாதி இல்லையா? மீன் குழம்பு சாப்பிடுகிற எங்களுக்கு ஏன்? (காசிமேடு)

ஃபிஜித் தீவில் கொழுகொழுவென்று இருப்பதுதான் அழகு, யாராவது இளைத்தால் ஊரே கவலைப்படும். அங்கே ஒரு பகுதிக்கு 1995ல்தான் டிவி வந்தது. வந்த புதிதில் பள்ளிக்கூடப் பெண்களிடம் ஆன் பெக்கர் என்கிற ஆய்வாளர் விசாரித்தபோது, எடை குறைக்க வாந்தி எடுத்தவர் ஒருத்திகூட இல்லை. 1998ல் மறுபடி விசாரித்தால் 100க்கு 11 பேர்! அவர்கள் பணக்காரர்கள் இல்லை, திரையில் பார்த்த ஒல்லி நடிகைகளைப் போல ஆக நினைத்தவர்கள். நம் தெருவையே பாருங்களேன். என் பாட்டி "இளைச்சுப் போயிட்டியே கண்ணு" என்று சொன்னால் அடுத்த நிமிஷம் தட்டில் இரண்டு வஞ்சிரம் துண்டு விழும். இப்போது அதே வார்த்தையை ஒரு கல்யாணத்தில் "இளைச்சுட்டியே, சூப்பர், எப்படி?" என்கிறார்கள். பட்டினி கிடந்து இளைத்த பெண்ணுக்கு அது பாராட்டு மாதிரித்தான் கேட்கும், அடுத்த வேளையும் நிறுத்திவிடுவாள்.

தங்கை செவ்வாய், வெள்ளி விரதம் இருந்தாள். இப்போது சனி, திங்களும். பக்திதானே அக்கா? (ராயபுரம்)

இருக்கலாம். ஒன்று மட்டும் கவனி: விரதம் முடிந்து இலை போட்டதும் ஆசையாக உட்காருகிறாளா, இல்லை அப்போதும் சாக்குச் சொல்கிறாளா? சாமிக்கு இருக்கிற விரதத்துக்கு முடிவு உண்டு. பட்டினிக்கு ஒரு நல்ல பெயர் தேவைப்படுகிறபோது அது நாளைச் சேர்த்துக்கொண்டே போகும். தவக்கால உபவாசமும், எல்லோரும் கும்பிடுகிற "டயட்"டும் இப்படித்தான் திரையாகப் பயன்படுகின்றன. மாதவிடாய் நின்றிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போகத் தாமதிக்காதே.

தம்பி பாக்ஸிங் போகிறான். போட்டிக்கு முந்தின வாரம் தண்ணீர்கூடக் குடிக்காமல், பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடுகிறான். முடிந்ததும் மூன்று பிளேட் பிரியாணி. (வியாசர்பாடி)

ஆம்பளைப் பையனுக்கு இதெல்லாம் வராது என்று நினைத்துத்தான் யாரும் கேட்பதில்லை. 1997ல் அமெரிக்காவில் ஒரே சீசனில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப்போய் இறந்தார்கள், அதற்கப்புறம்தான் அங்கே விதியையே மாற்றினார்கள். கோச்சிடம் நேராகப் பேசு, அடுத்த மேல் எடைப் பிரிவில் ஆடினால் மானம் போகாது.

மகள் சாப்பிட ஒத்துக்கொண்டாள். இன்றே ஆட்டுக்கால் சூப்பு, பிரியாணி எல்லாம் கொடுக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

வேண்டாம்மா, அவசரப்படாதீர்கள்! பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்கிற தாது உப்பு சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் போனெல்லாம் வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.