கட்சிகள் எங்கே மோதிக்கொள்கின்றன?

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பருவநிலை மாற்றத்தை வைத்து நம் கட்சிகள் எப்படிப் போட்டியிடுகின்றன என்பது தலைப்பு. தேர்தல் அறிக்கைகளில் அதைப் பற்றிய வாக்கியங்களை எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் ஆதரவு, எதிர்ப்பவர் ஒருவரும் இல்லை. போட்டியே இல்லாதபோது எதை ஆராய்வது? தலைப்பை மாற்றிவிடலாமா?

– ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

தலைப்பு இருக்கட்டும். தேடும் இடத்தை மாற்றுங்கள்.

வாக்கியங்களை எண்ணுவது பழகிய முறைதான். பெர்லினிலிருந்து நடக்கும் மெனிஃபெஸ்டோ புராஜெக்ட் பல நாடுகளின் அறிக்கைகளை இப்படித்தான் பிரித்து வகைப்படுத்துகிறது. அதில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான எண் 501. அது ஆதரவுக்கு மட்டும். எதிர்ப்புக்கென்று தனி எண் கிடையாது. கார்பன் வரி கூடாது என்று ஒரு கட்சி எழுதினால், அது பொருளாதாரக் கணக்கில் போய் விழும். எதிர்ப்பவரைத் தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்புவதில் வியப்பில்லை.

2024 ஜூன் 10ஆம் தேதி, அரசு மானியத்தை வெட்டியதால், தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. அரசு கடத்தலையும் கஜானாவையும் காரணம் காட்டியது. எதிர்க்கட்சி விலைவாசி என்று கொதித்தது. புகையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? ஆனாலும் பருவநிலைக் கொள்கையில் எரிபொருள் மானியத்தைவிடப் பெரிய சண்டை வேறு எது? இதில் வேடிக்கை, 2018 தேர்தலில் பெட்ரோல் மானியத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று வாக்குக் கேட்டது, அப்போது எதிர்க்கட்சியாக இருந்து, 2024இல் இந்த அரசை நடத்திய இதே பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி.

நான் இருக்கும் பினாங்கில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். தெற்குக் கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் எழுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது பக்காத்தான் மாநில அரசு. பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கத்து மீனவர்கள் இறாலும் மீனும் போய்விடும் என்று பதாகை பிடித்தார்கள். எதிர்க்கட்சியினர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 2023இல் திட்டம் ஒரு தீவாகச் சுருங்கியது. இப்போது சுங்கை மூடாவைத் தாண்டிக் கெடாவுக்கு வாருங்கள். பினாங்கில் எதிர்வரிசையில் இருக்கும் இஸ்லாமியக் கட்சியான பாஸ் கையில்தான் அங்கே ஆட்சி. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்து வருகிறது. ஆற்றின் பிறப்பிடம் கெடாவின் உலு மூடா காடு. அங்கே மரம் வெட்டாதே என்று குரல் கொடுப்பவர்கள், இங்கே கடலைத் தூர்க்கும் அதே பினாங்கு ஆட்சியாளர்கள். கெடா அரசோ தண்ணீருக்குக் காசு கேட்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மீனவருக்காக உருகும் கட்சி, அந்தப் பக்கம் வருமானக் கணக்குப் பார்க்கிறது.

எந்தக் கட்சி பசுமைக் கட்சி என்று கேட்டால் நம் நாட்டில் விடை கிடைக்காது. யார் நாற்காலியில் இருக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்று கேளுங்கள். என் கணிப்பில், கொள்கையைவிட அந்த இடம்தான் பேச்சைத் தீர்மானிக்கிறது. இது தவறென்று நீங்கள் நிரூபித்தாலும் நல்ல ஆய்வுதான்.

கெடா, பினாங்கு சட்டமன்ற உரைகளை எடுத்து, ஒரே கூட்டணி இரண்டு இடத்திலும் என்ன பேசியது என்று ஆண்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2018க்கு முன்பும் பின்பும் நாடாளுமன்றத்தில் மானியம் பற்றி நடந்த விவாதங்களையும் சேருங்கள். உங்கள் பேராசிரியர் எண்கள்தான் வேண்டுமென்றால், 501ஐ விட்டுவிட்டு இவற்றை எண்ணிக் கொடுங்கள்.