தோற்றவர் நன்றாக ஆடினார் என்று சொல்லலாமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில், 2021-இல் கான்சஸ் சிட்டி 31-9 என்று தம்பா பேயிடம் தோற்றது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஒரு டச்டவுன் பாஸ்கூட (கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத் தரும் எறிதல்) போடவில்லை. இரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) வேறு. அப்படியும் அவர் நன்றாக ஆடினார் என்கிறார்கள் சிலர். இது வெறும் அபிமானம்தானே? (வாசகர், மதுரை)

பதில்: இல்லவே இல்லை. அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

குவார்ட்டர்பேக்கின் இரு பக்கமும் அரண் போல நிற்பவர்கள் டாக்கிள்கள். கான்சஸ் சிட்டியின் டாக்கிள்களான எரிக் ஃபிஷர், மிட்சல் ஷ்வார்ட்ஸ் என்ற இருவருமே அன்று காயத்தால் களத்தில் இல்லை. மஹோம்ஸுக்கோ கால் பெருவிரலில் காயம். ஆட்டம் முடிந்த சில நாட்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எதிரணியின் தற்காப்புப் பயிற்சியாளர் டாட் பௌல்ஸ், கூடுதல் ஆட்களை ஏவாமல் முன்வரிசை நால்வரைக் கொண்டே அவரைத் துரத்தினார். மிச்சமிருந்தவர்கள் பின்னால் நின்று நீண்ட பாஸ்களுக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள். பாஸ் போட முயன்றபோது 29 முறை அவர் நெருக்கடிக்குள்ளானார். சூப்பர் பௌல் வரலாற்றில் அதற்குமுன் யாருக்கும் இத்தனை இல்லை. பந்தை விடும் முன்போ, வீழ்த்தப்படும் முன்போ தப்பிப்பதற்காகவே அவர் ஓடிய தூரம் மொத்தம் 497 யார்டு!

நான்காம் கால் பகுதியில் ஒரு பாஸ். எதிராளி காலைப் பற்றிவிட்டார்; உடல் கிட்டத்தட்ட தரைக்கு இணையாகச் சாய்ந்துவிட்டது. அந்த நிலையில் அவர் எறிந்த பந்து புள்ளி தரும் கோட்டுக்கு அப்பால் நின்ற சக வீரர் டாரல் வில்லியம்ஸின் முகக் கவசத்தில் போய் மோதி, பிடிபடாமல் விழுந்தது. கணக்கேட்டில் அது முழுமையடையாத பாஸ், அவ்வளவுதான். என் கண்ணுக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த எறிதல்களில் ஒன்று அது. அதைப் பிடிக்காமல் விட்டதன் பழியை எறிந்தவர்மேல் ஏற்றுவது அநியாயம்.

அதற்காக அவர்மேல் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முன்னே நகர இடம் இருந்த சில தருணங்களிலும் பின்னோக்கியே ஓடினார். அதனாலேயே அவரைக் காக்கும் தடுப்பவர்களின் வேலை இன்னும் கடினமாயிற்று. குறுகிய பாஸ் கிடைத்தபோதும் சில தடவை தூரத்தையே தேடினார். இவை அவருடைய தவறுகள். முதல் இன்டர்செப்ஷன் அப்படியல்ல. எதிரணி வீரர் தட்டிவிட்ட பந்து இன்னொருவர் கைக்குப் போனது. இரண்டாவது நேர்ந்தபோது ஆட்டமே கைநழுவிப் போயிருந்தது.

ஆகவே, சிறப்பான ஆட்டமல்ல. ஆனால் அந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் வேறு எவரும் அவ்வளவுகூடச் செய்திருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் குவார்ட்டர்பேக்கின் எறிதலுக்குத் தரும் மதிப்பெண்ணான பாஸர் ரேட்டிங்கைத் தூக்கி எறிந்துவிடலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். ஒரு பருவம் முழுவதையும் மதிப்பிட அது உதவும். ஒரே ஓர் ஆட்டத்துக்கு அதை நம்பினால்தான் ஏமாற்றம். கைசேர்ந்த பாஸ்களின் விகிதம், ஓர் எறிதலுக்கு எத்தனை யார்டு, டச்டவுன், இன்டர்செப்ஷன் ஆகிய நான்கை மட்டுமே அது பார்க்கிறது. யார் தடுக்கத் தவறினார், யார் பந்தைக் கோட்டைவிட்டார் என்பதெல்லாம் அதில் வராது.

அன்று மஹோம்ஸின் ரேட்டிங் 52.3. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரி 7 அன்று, டென்வர் அணிக்காக பெய்டன் மானிங் 23 பாஸ்களில் 13-ஐ மட்டுமே சேர்த்து 141 யார்டு எடுத்தார். டச்டவுன் பாஸ் இல்லை, ஓர் இன்டர்செப்ஷன். ரேட்டிங் 56.6. ஆனால் டென்வர் 24-10 என்று வென்றது. ஆட்ட நாயகன் விருது தற்காப்பு வீரர் வான் மில்லருக்குப் போனது, மிகச் சரியாகவே. மானிங் கோப்பையோடு விடைபெற்றார். இரண்டு ஆட்டங்களின் பதிவுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பந்தின் பின்னாலேயே கண் போகாமல், ஒவ்வொரு முறையும் முதல் மூன்று விநாடி தடுப்பவர்களை மட்டும் கவனியுங்கள். பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.