மூன்று கேஸ்கெட் போன பிறகும் நான்காவதா?

கேள்வி: என் காரில் டர்போ பொருத்தி 1 பார் பூஸ்டில் ஓட்டுகிறேன். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) மூன்று முறை போய்விட்டது. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட விலை கூடியதைத்தான் வாங்கினேன். அடுத்து எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மூன்றும் ஒரே சிலிண்டர் பக்கத்தில் போனதா, பிஸ்டன் விளிம்பு எப்படி இருந்தது, ஸ்பார்க் பிளக்கில் கரும்புள்ளிகள் தெரிந்தனவா? கடிதத்தில் இவற்றைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டுகளைத் தூக்கிப் போட்டிருந்தால் இருந்த சாட்சியையும் போட்டுவிட்டீர்கள்.

1 பார் பூஸ்ட் என்றால் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் சாதாரணத்தைப் போல இரு மடங்கு. 86 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் எரியும் நேரத்தில் அழுத்தம் 100 பாரைத் தொட்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட 6 டன். அதை எதிர்த்து நிற்பது போல்ட்டுகளின் பிடி. அந்தப் பிடிக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை அடைப்பதுதான் கேஸ்கெட்டின் வேலை. நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது, வந்துவிட்டால் அழுத்தம் ஒரே கணத்தில் எகிறி, சம்மட்டியால் அடித்ததுபோல் ஹெட்டை உலுக்கும். சிலிண்டர் வாயைச் சுற்றியுள்ள வளையம் நசுங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஸ்கெட்டும் அதைத் தொடர்ந்து தாங்காது.

ஆகவே முதலில் ட்யூனிங்கைப் பாருங்கள். பெட்ரோலின் ஆக்டேன் போதுமா, இக்னிஷன் டைமிங் அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறதா, இன்டர்கூலர் காற்றைச் சரியாகக் குளிர்விக்கிறதா, பூஸ்டில் பெட்ரோல் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிஸ்டன் விளிம்பு மணல் வீசி அரித்ததுபோல் இருந்தால் காரணம் அங்கேதான். அதைச் சரிசெய்த பிறகு கேஸ்கெட் வாங்கலாம்.

கேள்வி: ஹெட் போல்ட்டுகள் பார்க்கப் புதிதுபோல இருக்கின்றன. திரும்பப் போடலாமா? டார்க்-டு-யீல்டு வகை.

பதில்: கூடாது. அந்த வகை, முறுக்கும்போதே இழுபட்டு நிரந்தரமாக நீள்வது. இரண்டாம் முறை அதே பிடி கிடைக்காது.

கேள்வி: பூஸ்டுக்கு இரண்டு ஹெட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் போர்ட் (காற்று போகும் வழி) பெரிது, ஃப்ளோ அதிகம். இன்னொன்றில் அடிப்பாகம் தடிமன். எது நல்லது?

பதில்: தடிமனானது. ஃப்ளோவில் கொஞ்சம் குறைந்தால் பூஸ்டைச் சற்றுக் கூட்டி ஈடுசெய்யலாம். போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் வளைகிற மெல்லிய ஹெட்டுக்கு அப்படி ஈடு எதுவும் கிடையாது. வாங்கும் முன் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு என்ன உலோகம்? கடும் சூட்டில் ஓடப் போகிறது என்றால் இன்கோனெல் (சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) நல்லது. வால்வு ஸ்பிரிங் பூஸ்டுக்கு ஏற்றதா? 50 மி.மீ. இன்டேக் வால்வின் முதுகில் 1 பார் பூஸ்ட் சுமார் 20 கிலோ விசையில் அழுத்தும். பலமில்லாத ஸ்பிரிங் என்றால் வால்வு ஒழுங்காக மூடாது. ஃப்ளோ எண்ணை மட்டும் காட்டி விற்பவர் இவற்றைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: கம்ப்ரெஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போட்டால் போதும் என்கிறார்கள். இரண்டு கேஸ்கெட்டை அடுக்கினாலும் சரியா?

பதில்: அடுக்காதீர்கள். தடித்ததும் வேண்டாம். பிஸ்டன் மேலே வரும்போது விளிம்பில் சுமார் 1 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் கலவை நன்றாகக் கலங்கி வேகமாக எரியும். அதைக் கூட்டினால் நாக்கிங்கை நீங்களே வரவழைக்கிறீர்கள். கம்ப்ரெஷன் குறைய வேண்டும் என்றால் குழிவான பிஸ்டன் வாங்குங்கள்.

கேள்வி: ஸ்டீல் அடுக்கு கேஸ்கெட் புதிதாகப் போட்டேன். ஹெட்டுக்கு ஃபேஸிங்கும் (பரப்பை இயந்திரத்தில் சீவிச் சமமாக்குவது) போட்டாயிற்று. ஆனாலும் இரண்டே வாரத்தில் கூலன்ட் கசிகிறது. கேஸ்கெட் போலியா?

பதில்: போலியாக இருக்கலாம். ஆனால் என் சந்தேகம் வேறு இடத்தில். ஹெட்டுக்குப் போட்டீர்கள், சரி. பிளாக்குக்கு? கேஸ்கெட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போவது எளிது, அதனால் அதற்கு மரியாதை நடக்கிறது. பிளாக் வண்டியிலேயே இருப்பதால் ஏர் கிரைண்டரில் தேய்ப்புத் தட்டை மாட்டி நாலு சுற்றுச் சுற்றி, 'பளபளன்னு ஆயிடுச்சு' என்று முடித்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தட்டு கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைத் தோண்டும். அதிலிருந்து உதிரும் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கையும் தின்றுவிடும். கேஸ்கெட் மாற்றிய சில நாளில் இன்ஜினே போய்விட்டது என்று அழுதவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் அஜாக்கிரதையானவர்கள் இல்லை. நம்பிக் கொடுத்தவர்கள்.

பழைய காம்போசிட் கேஸ்கெட் கொஞ்சம் சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டீல் அடுக்கு பொறுக்காது. மேற்பரப்பின் சொரசொரப்பு ஆர்ஏ (மேடுபள்ளத்தின் சராசரி அளவு) கணக்கில் 50 மைக்ரோ இன்ச், அதாவது 1.27 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 30-க்குள் கேட்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. பட்டறையில் 'ஃபேஸிங் போட்டாச்சு' என்று சொன்னால், 'ஆர்ஏ எவ்வளவு வந்தது, அளந்து எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அளக்கும் கருவி இல்லாத பட்டறை என்றால் வேலையை வேறு இடத்தில் கொடுங்கள். பிளாக்கின் சமதளத்தை ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து நீளம், குறுக்கு, மூலைக்கு மூலை என எல்லா வாக்கிலும் பாருங்கள். எங்காவது 0.05 மி.மீ. கேஜ் தாராளமாக நுழைந்தால் அதற்கும் ஃபேஸிங் தேவை.

கேள்வி: கசிவுக்கு சீலன்ட் தடவலாமா?

பதில்: ஸ்டீல் அடுக்கு கேஸ்கெட்டில், தயாரிப்பாளரே சொல்லாத வரை கூடாது.

கேள்வி: பழைய அலுமினிய ஹெட் ஒன்று விலைக்கு வருகிறது. 'சுத்தம் பண்ணி ஃபேஸிங் போட்டது, புதுசு மாதிரி' என்கிறார். வாங்கலாமா?

பதில்: நானும் அதே வார்த்தையை நம்பி ஒன்று வாங்கினேன். கண்ணாடிபோல மின்னியது. மாட்டி ஓட்டிய பிறகுதான் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே விரிசல் இருப்பது தெரிந்தது. பிரஷர் டெஸ்ட் கேட்காதது என் தவறு. விரிசல் தெரிந்தே பாலிஷ் போட்டு மறைத்தது விற்றவரின் தவறு, அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பிரஷர் டெஸ்ட்டும் விரிசல் சோதனையும் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். மேலே கேம்ஷாஃப்ட் உள்ள ஹெட் என்றால், வால்வுகள் இல்லாமல் கேம்ஷாஃப்டை மட்டும் வைத்து மூடிகளை முறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். சூட்டில் வளைந்த ஹெட்டுக்கு அடியில் ஃபேஸிங் போட்டால் அடிப்பக்கம்தான் நேராகும், மேலே கேம் உட்காரும் வரிசை வளைந்தபடியே இருக்கும். அது கடித்துக்கொண்டு சுற்றினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: உயர்தர ஹெட் ஸ்டட் (ஹெட் போல்ட்டுக்குப் பதில் போடும் திருகுக் கம்பி) என்று ஆன்லைனில் வாங்கினேன். கூட வந்த கிரீஸைத் தடவி, குறிப்பில் இருந்த டார்க்குக்கே (முறுக்கு விசை அளவு) முறுக்கினேன். இரண்டு ஸ்டட் நீண்டுவிட்டன. 'நீ அதிகமாக முறுக்கிவிட்டாய்' என்கிறார் விற்றவர்.

பதில்: நீங்கள் செய்தது சரி. குறிப்பில் உள்ள டார்க் அந்தக் கிரீஸுக்கான கணக்குதான், அதைத்தான் பின்பற்றியிருக்கிறீர்கள். அவர் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். மீதி ஸ்டட்டுகளை இனி முறுக்க வேண்டாம். நீண்டவற்றையும் தொடாத ஒன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து படம் எடுங்கள். டார்க் ரெஞ்சைச் சரிபார்த்துச் சான்று வாங்குங்கள், அவருடைய வாதம் அதோடு முடிந்துவிடும். தொடாத ஸ்டட்டை ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் கொடுத்துக் கடினத்தன்மை பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் பலத்துக்கும் அதற்கும் பொருத்தமில்லை என்றால் பொருள் போலி. பெட்டி, லேபிள், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியில் பெயர் உள்ள தயாரிப்பாளருக்கும் படங்களை அனுப்புங்கள். தங்கள் பெயரில் போலி ஓடுவதை அவர்களும் விரும்ப மாட்டார்கள். அளவுகள் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், விற்றவருக்கு அனுப்ப வேண்டிய புகாரைச் சேர்ந்தே எழுதுவோம்.