அடுத்த நாட்டு விஷயம் நமக்கு எதற்கு?

கேள்வி: அமெரிக்காவும் ஐரோப்பாவும் வருடா வருடம் உலக நாடுகளுக்கெல்லாம் மனித உரிமையில் மார்க் போடுகின்றன. காசாவில் குழந்தைகள் சாகும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கின்றன. நம் மலேசிய அரசாங்கமும் ஐ.நா.வில் ரொஹிங்கியா, பாலஸ்தீனம் என்று பேசுகிறது. இதனால் பாதிக்கப்பட்டவனுக்கு ஒரு பிடி அரிசியாவது கிடைத்ததா? எல்லாம் நாடகம். அடுத்த நாட்டு விஷயத்தில் தலையிடாமல் அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொண்டால் போதாதா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2015 மே மாதம் பெர்லிஸ், வாங் கெலியான் காட்டில் ஆள் கடத்தல் கும்பலின் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டே மாதத்தில், ஜூலையில், அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆள் கடத்தல் அறிக்கையில் மலேசியாவைக் கடைசிப் படியிலிருந்து ஒரு படி மேலே ஏற்றியது. அந்த நேரம் பசிபிக் வணிக ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, கடைசிப் படியில் இருக்கிற நாட்டோடு அதைச் சீக்கிரமாக முடிக்க அவர்களுடைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. மலேசியாவை உயர்த்தக் கூடாது என்று அந்தத் துறையின் நிபுணர்களே சொன்னதை மேலிடம் ஒதுக்கித் தள்ளியது என்று பிற்பாடு செய்தி வந்தது. எழுபதுகளிலிருந்து அவர்கள் வருடாந்தரம் வெளியிட்டு வரும் மனித உரிமை அறிக்கைகளையும் 2025 ஆகஸ்ட்டில் பல பகுதிகளை வெட்டி, மெலிந்த வடிவில்தான் வெளியிட்டார்கள். வேண்டியவனுக்கு ஒரு நியாயம், வேண்டாதவனுக்கு ஒரு நியாயம் என்று நீங்கள் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன், உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்கவே முடியவில்லை. 'தலையிடாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு 2009 மே 27 ஞாபகம் வந்தது. முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை சிறப்புக் கூட்டம் கூடியது. என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் கேட்டன. இலங்கை அரசு தானே ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்தது, உள்நாட்டு விவகாரங்களில் பிறர் தலையிடக் கூடாது என்ற கொள்கையும் அதில் சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் அதுதான் நிறைவேறியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29-இல் இந்தியா உண்டு. மலேசியாவும் உண்டு.

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் பிரார்த்தனைக் கூட்டம், நானும் போயிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பூர்வீகக்காரரான ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பதினொரு பெயர்களை எழுதி வைத்திருந்தார். எல்லாரும் வன்னியில் இருந்த உறவுகள். மூன்று பெயர்களை அடித்திருந்தார், மற்றவற்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை. நான் பத்திரிகையில் வேலை செய்கிறவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒருத்தரும் கேக்க மாட்டினமோ?" என்றார். அந்த அம்மாவிடம் போய், அது அடுத்த நாட்டு விஷயம், நாம் தலையிடக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் கதையும் அப்படித்தானே. 2007 நவம்பர் 25-ஆம் தேதி மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் அமைப்பு நடத்திய பேரணியில் கோலாலம்பூர் வீதியில் நம் ஆட்கள் மீது தண்ணீரும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தது. தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி கவலைப்பட்டு இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இங்கே ஓர் அமைச்சர், அவர் தன் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பதில் சொன்னார். அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் எழுதியதும் அதே பேச்சுதான் ஐயா. அன்றைக்கு அதைக் கேட்டு நாம் எவ்வளவு நொந்துபோனோம்!

சரி, ஒரு பிடி அரிசி கிடைத்ததா என்று கேட்டீர்கள். கிடைத்திருக்கிறது. 2020 ஜூலையில், இங்கே தயாராகும் ரப்பர் கையுறைகளில் கட்டாய உழைப்பு இருக்கிறது என்று சொல்லி அமெரிக்கச் சுங்கத் துறை ஒரு பெரிய கம்பெனியின் சரக்கைத் தடுத்தது. அந்தக் கம்பெனி, தன் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்காக ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, மொத்தம் 130 மில்லியன் வெள்ளிக்கு மேல். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. மற்ற கம்பெனிகளும் பயந்துபோய் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தன.

அந்தச் சமயம் கிள்ளான், மேரு பக்கம் ஒரு தொழிலாளர் விடுதிக்குப் போனேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்குத்தான் இடம், பாதிக் கட்டில்களில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். நேபாளத்துப் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டி வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டினான். மாதத் தவணையாகப் பணம் ஏறியிருந்தது. ஏஜெண்டுக்குக் கட்ட அப்பா ஊரில் நிலத்தை அடகு வைத்தாராம், வட்டியிலேயே மூன்று வருடச் சம்பளம் போயிற்றாம். "தானா சூடா தெபூஸ், அபாங்" என்றான். நிலத்தை மீட்டாச்சு அண்ணே. அந்தச் செய்தியை அவன் அழிக்காமல் வைத்திருந்தான், என் கண் முன்னாலேயே இரண்டு தரம் திறந்து பார்த்துக்கொண்டான். அமெரிக்காவின் நோக்கத்தில் எனக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கட்டும், அவனுடைய நிலம் மீண்டது நிஜம். நம் தொழிலாளர் சட்டமும் நம் அதிகாரிகளும் அத்தனை வருடம் செய்யாத வேலை அது.

சின்ன நாடு பேசினால் யார் கேட்பார்கள் என்றும் சிலர் கேட்கிறார்கள். நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பேசினாரே. 1960 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் 69 கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றது. அதே வருடம் மே மாதம் லண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாடு. ஓர் உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தை அங்கே பேசுவது வழக்கமில்லை. சுதந்திரம் வாங்கி மூன்று வயதுகூட நிரம்பாத மலாயாவின் பிரதமர் அந்த வழக்கத்தை உடைத்து நிறவெறியைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். மலாயா தென்னாப்பிரிக்கச் சரக்கையும் வேண்டாம் என்றது. மறு வருடம் நேருவும் கனடாவின் டீபன்பேக்கரும் மற்றவர்களும் சேர்ந்து நின்றபோது தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டே வெளியேறியது. நிறவெறி அதற்கப்புறம் முப்பது வருடம் நீடித்தது, உண்மைதான். ஆனால் அதைத் தனிமைப்படுத்துகிற வேலையில் நம் பங்கும் இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நான் வேறு இடத்தில் வைப்பேன். நாகேந்திரன் தர்மலிங்கம் ஞாபகம் இருக்கிறதா? பேராக்கைச் சேர்ந்த நம் பையன், இளம் வயதில் 42.72 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூரில் பிடிபட்டவன், அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. 2021 நவம்பரில் நம் பிரதமர் இஸ்மாயில் சப்ரி சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எழுதியது சரி, எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடிதம் போன நாளில் நம் சட்டப் புத்தகத்திலும் கட்டாய மரண தண்டனை இருந்தது. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அவனைத் தூக்கிலிட்டார்கள். நாம் கட்டாயத் தண்டனையை எடுத்ததோ 2023 ஜூலையில். முன்னாலேயே எடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சிங்கப்பூர் யார் சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் கனம் கூடியிருக்கும்.

ரொஹிங்கியா விஷயமும் அப்படித்தான். 2016 டிசம்பரில் தித்திவங்சா அரங்கத்தில் நம் பிரதமர் நஜிப்பே மேடையேறி மியன்மாரைக் கண்டித்தார், ஆசியான் நாடுகளில் அது பெரிய காரியம். 2021 பிப்ரவரியில், அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், உயர்நீதிமன்றம் நிறுத்தி வைக்கச் சொல்லியும் 1,086 மியன்மார்வாசிகளைக் கடற்படைக் கப்பலில் ஏற்றி அதே ராணுவத்திடம் திருப்பி அனுப்பினோம். அதே வருடம் அக்டோபரில் மனித உரிமைப் பேரவைக்கு நம்மைத் தேர்ந்தெடுத்தார்கள். அகதிகள் உடன்படிக்கையில் நாம் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையிலும் இல்லை. மிச்சமுள்ள மனித உரிமை உடன்படிக்கைகளில் சேர்வதாக 2018 செப்டம்பரில் ஐ.நா. மேடையில் சொல்லிவிட்டு, இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கையில் சேராமல் நவம்பரில் பின்வாங்கினோம். இதற்கெல்லாம் தீர்வு வெளியே பேசுவதை நிறுத்துவதா? வெளியே பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வந்து உள்ளே நீட்டலாம் ஐயா. சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிள்ளை பிடிபட்டுப் போய் நிற்கிற தாய்க்கு, நம் அமைச்சர் ஜெனீவாவில் பேசிய பேச்சு ஒரு பிடிமானம்.

அப்புறம் இன்னொன்று. இலங்கை மீதான தீர்மானம் 2012-இலும் 2013-இலும் வந்தது, 2022-இலும் வந்தது. மூன்று தடவையும் மலேசியா பேரவை உறுப்பினராக இருந்தது, மூன்று தடவையும் நடுநிலை வகித்தது. ஏன் என்று யாராவது நம் எம்.பி.களிடம் உலுக்கிக் கேட்டோமா? இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிட்டு அடுத்த வாரம் வேறு வேலைக்குப் போய்விட்டோம். கேட்காத கேள்விக்கு நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா ஏன் பதில் சொல்லப் போகிறது?

அதனால் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த மூன்று நடுநிலைக்கும் காரணம் என்ன, அடுத்த முறை கை எந்தப் பக்கம் தூக்கப்படும் என்று மட்டும் கேளுங்கள். தமிழிலோ மலாயிலோ, எப்படி வருகிறதோ அப்படி. ஒரு நகல் எங்களுக்கு அனுப்பி வையுங்கள். அவர் பதில் போட்டால் இதே பக்கத்தில் முழுசாக அச்சிடுகிறேன், இரண்டு மாதம் ஆகியும் வரவில்லையென்றால் உங்கள் கடிதத்தைத் தேதியோடு போடுகிறேன்.