முட்டையோடு தூங்கலாமா?

ஐயா,

வணக்கம். மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எழுத வருவதற்கு முன் நீங்கள் கால்நடை மருத்துவராக இருந்தவர் என்பதால் இதைக் கேட்கிறேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கும் என் மகள் இரண்டு ஹெர்மன் ஆமைகள் வளர்க்கிறாள். சான்றிதழோடு வாங்கியவை. ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் அவற்றைப் பெட்டியில் இட்டு ஃபிரிட்ஜில் தூங்க வைப்பது வழக்கம். இந்த அக்டோபரில் ஒன்று தீனியைக் குறைத்துக்கொண்டு, மண்ணைப் பறித்தபடி அலைகிறதாம். வயிற்றில் முட்டை இருக்கலாம் என்கிறாள். இரண்டுமே பெண், பிறகு முட்டை எப்படி வந்தது? "பிள்ளைத்தாய்ச்சியை யாராவது ஃபிரிட்ஜில் வைப்பார்களா?" என்று என் மனைவி தினமும் தொலைபேசியில் சண்டை போடுகிறாள். இன்னொன்று: பக்கத்து வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை இருக்கிறது. அதையும் மார்கழியில் தூங்க வைக்க வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

இந்தச் சண்டையில் நான் உங்கள் மனைவியின் கட்சி. ஆனால் ஃபிரிட்ஜைக் குறை சொல்ல மாட்டேன். ஹெர்மன் ஆமை தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் புதைந்து உறங்கும். அந்த உறக்கத்துக்கு ஏறக்குறைய 5 டிகிரி வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் பார்வை கெடும், உயிரும் போகலாம். 10 டிகிரியைத் தாண்டினால் அரைத் தூக்கத்தில் உடம்பின் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். ஏறி இறங்கும் லீட்ஸ் குளிரை நம்புவதைவிட ஃபிரிட்ஜை நம்பலாம். காற்று மாற அதன் கதவை அடிக்கடி திறந்து மூடினால் போதும்.

கேள்வி, வயிற்றில் இருப்பது எது என்பதுதான். கோழி அறுக்கும்போது உள்ளே கொத்தாக மஞ்சள் உருண்டைகள் தெரியுமே, அதுபோன்ற ஓடில்லாத கருக்கள் இந்த ஆமைக்குள்ளும் உண்டு. கோடை முடிவில் அவை பருக்கத் தொடங்கும், குளிர் முழுவதும் அப்படியே காத்திருக்கும், வசந்தத்தில்தான் ஓடு பெறும். ஸ்கேனில் தெரிவது இவை மட்டும் என்றால், ஆமை நலமாகவும் இருந்தால், தாராளமாகத் தூங்க வைக்கலாம். ஓடு கட்டிய முட்டை வேறு சங்கதி. அது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். தெரிந்துவிட்டால் இடும்வரை தூக்கம் கூடாது. குளிரில் உடம்பின் வேலையெல்லாம் ஏறக்குறைய நின்றுவிடும். முட்டையைத் தள்ளவும் முடியாது. மாதக் கணக்கில் உள்ளே கிடக்கும் முட்டை சிக்கிக்கொள்ளலாம், உடைந்து வயிற்றுக்குள் சீழ் பிடிக்கவும் செய்யலாம்.

உங்கள் மகள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. பகல் குறுகும்போது எல்லா ஹெர்மன் ஆமைகளும் தீனியைக் குறைக்கும். "சரி, தூக்கத்துக்குத் தயாராகிவிட்டது" என்று நினைத்துவிடுவோம். ஆனால் தூக்கம் வந்த ஆமை ஒரு மூலையில் ஒடுங்கும். பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துவிட்டு, பிடிக்காமல் வேறு இடம் தேடுகிறது என்றால் அது முட்டையிட இடம் தேடுகிறது என்றுதான் பொருள். ஊர்வன பற்றித் தெரிந்த மருத்துவரிடம் இந்த வாரமே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

முட்டை இருந்தால், தொட்டி ஒன்றில் மணலும் மண்ணும் கலந்து, கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்தில், ஆமையின் ஓட்டு நீளத்துக்குக் குறையாத ஆழத்தில் நிரப்ப வேண்டும். மேலே வெப்ப விளக்கும் புற ஊதாக் கதிர் விளக்கும் எரியட்டும். மிக முக்கியம், ஆமையைத் தனியே விட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் இடாது. நம் வீட்டுக் கோழியே இடாது. அப்படியும் இடவில்லை என்றால் கால்சியமும், தேவைப்பட்டால் ஆக்ஸிடாசின் ஊசியும் மருத்துவர் பார்த்துப் போடுவார். வீட்டில் எதையும் முயல வேண்டாம்.

இட்ட பிறகும் உடனே ஃபிரிட்ஜ் இல்லை. முட்டைக்குக் கொடுத்த எடையை அது சில வாரமாவது தின்று மீட்க வேண்டும். பிறகு தீனியை நிறுத்தி, தினமும் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, குடல் காலியாவதற்குப் பெரிய ஆமை என்றால் மூன்று நான்கு வாரம். குடலில் தீனியோடு தூங்கினால் அது உள்ளேயே அழுகிவிடும். கணக்குப் போட்டால் ஜனவரி வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்த ஆண்டு தூக்கத்தையே விட்டுவிடலாம். விளக்கும் தீனியுமாக விழித்தே கழிக்கட்டும். ஓராண்டு தூங்காததால் வளர்ந்த ஆமைக்குக் கேடில்லை. மற்றதை வழக்கம்போல் தூங்க வைத்து வாரம் ஒருமுறை எடை பார்க்கட்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, பெட்டியில் சிறுநீர் கழித்திருந்தாலோ எழுப்பிவிட வேண்டும்.

ஆண் இல்லாமல் முட்டை எப்படி என்றால், பெண் ஆமை விந்தைப் பல ஆண்டுகள் சேமித்து வைக்கும். சேராமலே கரு இல்லாத முட்டையும் இடும்.

இனி உங்கள் பக்கத்து வீடு. நட்சத்திர ஆமைக்குக் குளிர்கால உறக்கமே கிடையாது. மார்கழிப் பனியிலும் நம் டெல்டா இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதில் தீனி நிறுத்தினால் அது பட்டினி கிடக்கும், அவ்வளவுதான். அதைவிட, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019 முதல் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை. ஆமையும் அமீனாவும் புகுந்த வீடு விளங்காது என்று சொன்ன ஊர், இன்று செல்வம் வரும் என்று ஆமையை வைத்துக்கொண்டு அமீனாவையும் வரவழைக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். குளத்தில் விட்டுவிட வேண்டாம், அது புதர்க்காட்டு ஆமை, மூழ்கிச் செத்துவிடும்.

நம் ஊரில் தூங்குவது பாலாமைதான், அதுவும் கோடையில். மேட்டூர் அடைத்து வாய்க்கால் வற்றியதும் குளத்துச் சேற்றுக்குள் இறங்கிவிடும். அதன் முட்டைக்குள் கருகூட வளர்ச்சியை நிறுத்திவைத்து மாதக் கணக்கில் கிடக்கும். ஜூன் 12 தண்ணீர் திறப்புக்கு முன்பு நாம் தூர்வாரும் நேரமும் அதுவே. உங்கள் குளத்தில் பொக்லைன் இறங்கும் நாளில் கொஞ்சம் கரையில் நில்லுங்கள். சேற்றோடு ஆமை வந்தால், தண்ணீர் நிற்கும் பக்கத்துக் குளத்தின் ஓரச் சேற்றில் விடச் சொல்லுங்கள். கறிக்கு விலை கேட்டு ஆள் வரும். பாலாமையும் அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது என்பதை ஆசிரியர் குரலில் ஒருமுறை சொன்னால் போதும்.