செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால்...

கேள்வி: வயது 53. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரைச் சராசரி) 8.9. அப்பாவுக்கு இதே நோயில் முதலில் கால் விரலை எடுத்தார்கள், அப்புறம் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்படி ஆகக் கூடாது என்று மஞ்சள் சத்து கேப்சூல், கிரீன் டீ கேப்சூல், நெல்லிக்காய் ஜூஸ், ஆவாரம்பூ டீ எல்லாம் எடுத்துக்கொள்கிறேன். இவற்றில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் கண், கிட்னி, கால் மூன்றையும் காப்பாற்றும் என்று வீடியோவில் சொன்னார்கள். இரண்டு மாதமாக, சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. முடி கொட்டுகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் கோயிலுக்குப் போகும்போது ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமலே நடந்திருக்கிறேன், மகள் சொல்லித்தான் தெரிந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் அளவைக் கூட்ட வேண்டுமா?
ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, அந்தச் செருப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான்.

பழுப்புப் புள்ளிகள் சர்க்கரை உள்ள பலருக்கும் வருவது. வலிக்காது, புண்ணாகாது, களிம்பு எதுவும் வேண்டாம். முடிக்கு, ரத்தம் எடுக்கும்போது தைராய்டும் பார்த்துவிடுங்கள். கெண்டைக்கால் பிடிப்பால் யாரும் காலை இழப்பதில்லை.

செருப்பு அப்படியல்ல. வார் விரல்களுக்கு நடுவே இருப்பதும், அது நழுவுவதும், பாதம் மண்ணைத் தொடுவதும் மூளைக்குத் தெரிந்தால்தான் நாம் சட்டென்று நிற்போம். உங்களுக்குத் தெரியவில்லை. கால் நரம்புகள் மரத்துப்போகத் தொடங்கியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். இன்று செருப்பு போனது தெரியாதவருக்கு நாளை முள் குத்தியதும் தெரியாது. என்னிடம் வரும் ஒரு பெரியவர், குதிகாலில் ஏறிய குண்டூசியோடு நான்கு நாள் கடைக்குப் போய் வந்திருக்கிறார். காலுறையில் ஈரம் பட்டதே என்றுதான் வந்தார்.

உங்கள் அப்பாவுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் ஆகியிருக்கும். கால் மரத்துப்போகிறது. எங்கேயோ ஒரு கொப்புளம் வருகிறது. வலி இல்லாததால் அதன் மேலேயே நடக்கிறோம். புண் ஆழமாகிறது, கிருமி எலும்பு வரை போகிறது. சர்க்கரை நோயில் எடுக்கப்படும் கால்களில் பெரும்பாலானவை கவனிக்காமல் விட்ட ஒரு சின்னப் புண்ணில் தொடங்கியவைதான். அது அப்பாவிடமிருந்து பரம்பரையாக வந்து சேரும் விதி இல்லை. எந்தப் படியிலும் தடுத்து நிறுத்தலாம். நீங்கள் இப்போது முதல் படியில் நிற்கிறீர்கள்.

இதை மருத்துவ உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று வருடக்கணக்கில் கவனித்தார். நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் தினமும் படுகிற காயங்களே விரலைக் கொண்டுபோகின்றன என்று கண்டார். மரத்த பாதங்களுக்காக மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்ய வைத்தார். 1966-ல் அமெரிக்காவுக்குப் போனபின் அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு என்று நாங்கள் எழுதிக்கொடுப்பது அந்த வழியில் வந்ததுதான்.

இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யுங்கள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மகள் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் காலின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடட்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. பூவைத் தொடுவதுபோல ஒன்றிரண்டு விநாடி போதும். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்லுங்கள். இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆறும் தெரிந்தாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அவர் நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் பார்ப்பது இதைவிட நுணுக்கமானது.

சரி, ஆன்டிஆக்ஸிடன்ட். வீடியோக்காரர் சொன்ன அடிப்படை பொய் இல்லை. சர்க்கரை அதிகமானால் செல்லுக்குள் ஆக்ஸிஜன் சார்ந்த கேடு விளைவிக்கும் மூலக்கூறுகள் பெருகுகின்றன, அவை ரத்தக் குழாயையும் நரம்பையும் அரிக்கின்றன என்று 2001-ல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ விளக்கினார். அந்த மூலக்கூறுகளை முறிக்கும் பொருளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். அவர் விளக்கத்தை இன்றும் மதிக்கிறோம். ஆனால் அதற்கு மாற்று ஒரு கேப்சூல் என்று தாவும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது. பால் பொங்கி வழியும்போது அடுப்பை அணைக்காமல் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அந்த மூலக்கூறுகள் செல்லின் உள்ளே, சர்க்கரை எரியும் இடத்திலேயே உண்டாகின்றன. நீங்கள் விழுங்கும் மஞ்சள் சத்தில் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதே மிகக் கொஞ்சம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தாவர எண்ணெயிலும் கொட்டைகளிலும் உள்ள வைட்டமின் ஈ பெயர்பெற்ற ஆன்டிஆக்ஸிடன்ட். ‘ஹோப்’ என்ற ஆய்வில் சுமார் 9,500 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 400 யூனிட் அதைக் கொடுத்தார்கள். பங்கேற்றவர்களில் 3,600-க்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயாளிகள். நாலரை வருடம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பும் குறையவில்லை, சிறுநீரகமும் தப்பவில்லை. ஆய்வை நீட்டித்து 2005-ல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடுதலாகவே இருந்தது. மஞ்சளைப் பற்றி 2012-ல் தாய்லாந்தில் வந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் இருந்த 240 பேரும் சர்க்கரை வரும் எல்லையில் நின்றவர்கள். 11 வருட நோய்க்கும் மரத்த காலுக்கும் அதில் பதில் இல்லை.

எதற்குப் பதில் இருக்கிறது என்று கேட்டால், 1998-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வைச் சொல்வேன். ஹெச்பிஏ1சி 7.9 அளவில் இருந்தவர்களைவிட, 7 அளவில் வைத்திருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் கால்வாசி குறைந்தன. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தவர்களிடம் அதைவிடவும் குறைந்தன. நீங்கள் 8.9-ல் இருந்துகொண்டு பாதி மெட்ஃபார்மினை நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது அம்மா, மறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் சொன்னதற்காக, வேலை செய்கிற ஒரே மருந்தைக் குறைத்துவிட்டு, வேலை செய்யாதவற்றை மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். குறைத்ததை உங்கள் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, இந்த வாரமே சரியான அளவுக்குத் திரும்புங்கள்.

கிரீன் டீ கேப்சூலையும் மஞ்சள் கேப்சூலையும் நிறுத்துங்கள். இரண்டுமே செறிவான வடிவில் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு ஒரு தடையும் இல்லை. நெல்லிக்காயைக் கடித்துச் சாப்பிடுங்கள். பாட்டில் ஜூஸ் என்றால் லேபிளில் சர்க்கரை, தேன் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று சொல்லி வளர்ந்தவன்தான் நானும். ஆவாரம்பூ டீயை ரசித்துக் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு சித்தப் பிரிவில் மருத்துவரை நேரில் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் காலை மரக்க வைக்கும். இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். பி12-ஐ ரத்தத்தில் பார்க்கலாம், குறைந்திருந்தால் ஈடு செய்வதும் எளிது. கூடவே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், அவற்றோடு ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனையும் வேண்டும். பார்வை நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், விழித்திரை கடைசிவரை சத்தம் போடாது.

இனி வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்குகளை மகள் பார்க்கட்டும். வெந்நீரில் கால் வைக்காதீர்கள். ஆணிக்காலை பிளேடால் சீவுவதும், கடையில் வாங்கும் கார்ன் பிளாஸ்டரும் வேண்டவே வேண்டாம். பிராகாரம் சுற்றுவதைக் காலை வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள், தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். மத்தியானக் கருங்கல்லில் வெந்து, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்தவர்களுக்கு நான் கட்டு போட்டிருக்கிறேன். கொப்புளம், நிறமாற்றம், நீர்க்கசிவு எது தெரிந்தாலும், வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வாரம் போகும்போது கேப்சூல் டப்பாக்களோடு அந்தச் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அடிப்பகுதி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், பாதத்தில் எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.