மின்னழுத்தம் 0.6 வோல்ட், திறன் மட்டும் 0.8 சதவீதம்: கோளாறு எங்கே?

வணக்கம். நீங்கள் செய்த பிளாஸ்டிக் சூரிய மின்கலத்தின் திறன் 0.8 சதவீதம்தான், மின்னழுத்தம் 0.6 வோல்ட் வருகிறது, ஃபில் ஃபேக்டர் (உச்ச மின்னழுத்தத்தையும் உச்ச மின்னோட்டத்தையும் பெருக்கினால் வரும் அளவில் உண்மையில் கிடைக்கும் மின்சக்தியின் பங்கு) 35 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒளியை உறிஞ்சும் பாலிமரான பி3ஹெச்டி, எலக்ட்ரானை ஏற்கும் ஃபுல்லரீனான பிசிபிஎம் இரண்டின் கலவைக்கு அந்த மின்னழுத்தம் சரியானதே. பொருளை மாற்ற வேண்டாம். படலம் உலரும் விதத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

நீங்கள் கரைப்பானாகப் பயன்படுத்தும் குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிப்பது. பூசி முடிப்பதற்குள் ஆவியாகிவிடும். பாலிமர் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட நேரமே கிடைக்காது. ஒளி பட்டு உருவாகும் எக்சிட்டான் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த இணை) ஏறத்தாழ 10 நானோமீட்டர்தான் நகரும். அதற்குள் ஃபுல்லரீனைத் தொட வேண்டும். பிரிந்த மின்னூட்டங்களுக்கு மின்முனைவரை தடையில்லாத பாதையும் வேண்டும். அந்தப் பாதை சீராக இல்லாதபோதுதான் ஃபில் ஃபேக்டர் இப்படிச் சரியும்.

மெதுவாக ஆவியாகும் டைகுளோரோபென்சீனுக்கு மாறுங்கள். படலம் ஈரமாக இருக்கும்போதே தகட்டைச் சுழற்றிப் பூசுவதை நிறுத்தி, பெட்ரி தட்டால் மூடி வையுங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் படலம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக, பிறகு ஊதாவாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது! நிறம் மாறவில்லையென்றால் அந்தத் தகட்டில் அலுமினிய மின்முனையைப் படியவைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அலுமினியம் படிந்த பிறகே சூடேற்றுங்கள். 2005இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில், மின்கடத்தும் பாலிமர்களுக்காக நோபல் பரிசு பெற்ற ஆலன் ஹீகரின் குழுவினர் 150 டிகிரியில் 30 நிமிடம் அப்படிச் செய்துதான் 5 சதவீதத்தை எட்டினார்கள். எல்லாம் நைட்ரஜன் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள்ளேயே (கையுறை வழியாக வேலை செய்யும் மூடிய பெட்டி) நடக்கட்டும்.

படலத்துக்கு அடியில் பூசும் மின்கடத்தும் பாலிமரான பெடாட் அடுக்கை எத்தனை நிமிடம் உலர்த்தினீர்கள்? அது ஈரத்தை உறிஞ்சும். மின்னோட்ட வரைபடத்தையும் பதிவிடுங்கள், பார்க்கிறேன்.